எட்டு நிமிடமும் காப்பித் தூளும்

அன்புள்ள ஐயா,

மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி தோட்ட வாழ்க்கையைப் பற்றி யூடியூப்பில் காணொளி போடுகிறான். தொடக்கத்தில் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்களைப் பேசவிட்டுச் சின்னதாக எடுப்பான். இப்போது எல்லாமே இழுவை. முகப்புப் படத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். போன வாரம் ஒரு முகவர் வந்து, சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று ஒரு காப்பித் தூளைக் காட்டிப் பேசினால் 500 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொன்னாராம். விளம்பரம் அவனைக் கெடுத்துவிட்டதா? வீட்டில் பணம் தேவைதான். அவனிடம் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் என்றார்)

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு வேறு சங்கதிகளை ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

முதலாவது, யூடியூப் தானாகப் போடும் விளம்பரம். நீளக் காணொளி போடுபவருக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால்தான் அதில் பங்கு. வருவதில் 55 விழுக்காடு அவருக்கு. 2020 ஜூலையிலிருந்து எட்டு நிமிடக் காணொளிக்கே நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். முன்பு பத்து நிமிடம் வேண்டும். தம்பியின் புதிய காணொளிகள் எல்லாம் எட்டு நிமிடம் சொச்சத்தில் முடிவது ஏன் என்று இப்போது புரியும். பழைய லயத்தைக் காட்டப் போகிறேன் என்று கிளம்பியவர், முதல் ஒன்றரை நிமிடத்தைக் காருக்குள்ளேயே கழிக்கிறார். அப்புறம், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் விளம்பர வருமானம் மாறும். நம் ஊர்க் கூட்டம் சிறியது, பெருங்கூட்டம் தமிழ்நாட்டில். பாட்டிமார் குறைந்து சென்னைப் பட டிரெய்லருக்கு ‘ரியாக்‌ஷன்’ கூடியிருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதைக் கெட்டுப்போவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் தீபாவளி மலருக்கு எழுதியபோதும், நகைக்கடை விளம்பரம் போக மிஞ்சிய இடத்துக்குத்தான் கதையை வெட்டினார்கள். ஆனால் ஒன்று. பால்மரம் (ரப்பர்) வெட்டும் பாட்டியின் காணொளியில், அவர் பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து வைத்துவிட்டு உளியைப் பட்டையில் இறக்குகிறார், பேச்சே இல்லை. அந்த நொடியில் சோப்பு விளம்பரம் வந்து விழுகிறது. விளம்பரம் வரும் இடத்தைக் கையாலேயே மாற்றி வைக்க யூடியூப் ஸ்டூடியோவில் வழி உண்டு. அந்த அக்கறையாவது தம்பிக்கு வேண்டும்.

காப்பித் தூள் கதை வேறு. அங்கே சோப்பை விற்றது சோப்புக் கம்பெனி. தூளை விற்கப்போவது உங்கள் தம்பி. லயத்து வாசலில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளை என்ற பெயரைத்தான் முகவர் 500 வெள்ளிக்குக் கேட்கிறார். அடிமாட்டு விலை! அந்தப் பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால் (நம்மில் அந்த வயதில் இல்லாத வீடு எது?) கிளினிக் மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கலக்கிக் குடிப்பார். தம்பியே சொன்னானே என்று.

சட்டமும் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், இருதயம், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றைத் தீர்க்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. காப்பி என்று பெயர் வைத்துவிட்டால் தப்பிவிடலாம் என்று முகவர் சொல்லக்கூடும். நோயைத் தீர்க்கும் என்று வாய் திறந்துவிட்டால் பிறகு அது வெறும் காப்பி ஆகாது.

பணத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். ஊரிலேயே சாப்பாட்டுக் கடை, பந்தல்காரர், பூக்கடை எல்லாம் இருக்கிறார்கள். காசு வாங்கியதைக் காணொளியிலேயே சொல்லிவிட்டு அவர்களைக் காட்டட்டும். 500 வராது, 100 வரலாம். சரக்கு மோசம் என்றால் சனங்கள் நேரே கடைக்குப் போய்ச் சண்டை போடலாம். தூள்காரரை எங்கே போய்த் தேடுவது?

மறுக்கத் தம்பிக்குக் கூச்சமாக இருந்தால், முகவரிடம் வாட்ஸ்அப்பில் ஒன்று மட்டும் கேட்கட்டும்: “சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்ல வேண்டும் என்பதைக் கம்பெனி முத்திரையோடு எழுதித் தருவீர்களா?” வாய்ப்பேச்சில் அள்ளிவிடுகிறவர்கள், எழுத்தில் கேட்டதும் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.