டைட்டனில் லைட்டர் எரியாது

கேள்வி: சொந்தமாக ஓர் அறிவியல் புனைவு ரோல்பிளே கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, செய்வது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்த்து ஆடும் கதை விளையாட்டு) உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று பேரரசுகள், பன்னிரண்டு கோள்கள், 900 வருட வரலாறு என்று அறுபது பக்கம் எழுதிவிட்டேன். நண்பர்கள் நாலு பேரை வைத்து முதல் செஷன் நடத்தினால், உலகத்தை விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். எங்கே தப்பு? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் உதவும். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பேரரசின் வரலாறு இப்போதைக்குத் தேவையில்லை. "நான் இப்போ என்ன செய்யலாம், செய்தால் என்ன ஆகும்" என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பன்னிரண்டு கோள்கள் வேண்டாம், பூமியிலிருந்து மாறுபட்ட ஒரே ஒரு விஷயம் போதும், அதை விடாமல் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போக வேண்டும்.

1977இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்' என்ற கேமைப் பாருங்கள். மார்க் மில்லர் உருவாக்கியது, ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்கள், அவ்வளவுதான். அதில் ஒரு கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, கிட்டமோ எட்டமோ, ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கப்பலைவிட வேகமாகச் செய்தி அனுப்ப வழியே கிடையாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்: தலைநகரில் அரசர் இறந்தால் எல்லையில் இருக்கிற கோளுக்கு மாதக்கணக்கில் தெரியாது, அதனால் அங்கே இருக்கிற அதிகாரி யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்க வேண்டும், தபால் கொண்டுபோகும் கப்பலுக்கு மரியாதை கூடும், கடன் வாங்கிவிட்டு ஓடுகிறவன் தன் கெட்ட பெயரை முந்திக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து விளக்க வேண்டியதில்லை, ஆடும்போதே புரிந்துவிடும்.

கேள்வி: நான் பி.காம். படித்தவன். அறிவியல் தெரியாமல் அறிவியல் புனைவு உலகம் செய்ய முடியுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முடியும். ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு அதைப் பற்றிப் பத்து உண்மைகள் தெரிந்துகொள்ளுங்கள், பி.காம். படிப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நான் இப்போது நண்பர்களோடு ஆடிக்கொண்டிருக்கும் உலகம் டைட்டன், சனிக் கோளின் பெரிய நிலா. 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் என்ற கலம் அங்கே இறங்கிப் படம் அனுப்பியது, ஆக இது வெறும் கற்பனை இடமில்லை. குளிர் மைனஸ் 179 டிகிரி. காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு, ஆனால் ஈர்ப்பு ஏழில் ஒரு பங்குதான், எழுபது கிலோ ஆள் அங்கே பத்து கிலோ மாதிரி நடப்பார். கைகளில் இறக்கை கட்டிக்கொண்டு அடித்தால் மனிதனே பறக்கலாம். மழையும் ஏரியும் உண்டு, எல்லாம் மீத்தேன், ஈத்தேன். தண்ணீர் என்பது பாறை.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. நம் ஊரில் மீத்தேன் எரிபொருள், காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் எரிகிறது. டைட்டனில் மீத்தேன் ஏரி ஏரியாகக் கிடக்கிறது, காற்றிலோ ஆக்சிஜன் இல்லை, ஆகவே வெளியே லைட்டரைத் தட்டினால் எரியாது. ஆனால் ஏரிக்கரை வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை விழுந்து ஏரி மீத்தேன் உள்ளே கசிந்தால், உள்ளே நாம் மூச்சு விடுகிற ஆக்சிஜனோடு மீத்தேன் சேர்ந்துவிடும், போதுமான அளவு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். மீத்தேனுக்கு வாசனையும் கிடையாது. அந்த ஊரில் குழந்தைக்கு அம்மா முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பாள், விருந்தாளி வீட்டுக்குள் வந்ததும் முதலில் என்ன செய்வார் என்றெல்லாம் யோசித்தால் பழக்கவழக்கங்கள் தானாக வந்துவிடுகின்றன. எங்கள் டைட்டனில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று வாயு மீட்டரைப் பார்த்து அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நுழைந்தால் அவமரியாதை.

பி.காம். எங்கே வருகிறது என்றால், ஆக்சிஜன் வேண்டுமானால் பனிப்பாறையை உருக்கிப் பிரிக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். சனிக்கு வரும் வெயிலே பூமிக்கு வருவதில் நூறில் ஒரு பங்குதான், டைட்டனில் அதையும் புகைமூட்டம் மறைக்கிறது. அப்படியானால் அணு உலைதான் வழி. உலை யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் மூச்சு, தண்ணீர், சூடு மூன்றும். கூலியை எதில் கொடுப்பார்கள்? கடன் கட்டாதவனுக்கு என்ன தண்டனை? மனிதர்கள் அங்கே போனதற்குக் காரணமாக நான் வைத்தது நைட்ரஜன் வியாபாரம், ஏனென்றால் டைட்டனின் காற்றில் பெரும்பகுதி அதுதான், மற்ற குடியேற்றங்களில் பயிர் வளர்க்க அது தேவைப்படும். இந்தக் கணக்கெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும்.

கேள்வி: விதிகளை எப்படி அமைப்பது? இருபது முகப் பகடையா, சாதாரணப் பகடையா? (வாசகர், சென்னை)

பதில்: இருபது முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் ஐந்து சதவீத வாய்ப்பு, ஒன்று விழுவதும் பத்து விழுவதும் சமம். இரண்டு ஆறு முகப் பகடைகளைச் சேர்த்து உருட்டினால் ஏழு அடிக்கடி வரும், ஆறு தடவைக்கு ஒரு தடவை, பன்னிரண்டோ முப்பத்தாறுக்கு ஒன்றுதான். முடிவுகள் பெரும்பாலும் நடுவில் குவிவதால், திறமைசாலிகள் நிதானமாக வேலை பார்க்கும் உலகத்துக்கு இரண்டாவது பொருந்தும், டிராவலரும் அதைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியம், உங்கள் உலகத்தில் எது அரிதோ அதற்குத் தனியாக ஒரு விதி வேண்டும். எங்கள் ஆட்டத்தில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓர் ஆறு முகப் பகடை, வெளியே ஒவ்வொரு காட்சி முடிவிலும் உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் நாலு முகப் பகடைக்கு இறங்கும், அதிலும் விழுந்தால் சிலிண்டர் காலி. போன மாதம் இரண்டு பேர் வண்டி பழுதாகி ஏரிக்கரையில் மாட்டிக்கொண்டார்கள், உடையின் ஹீட்டர் நின்றுவிட்டது. ஏரியிலிருந்து மீத்தேனை அள்ளி, சிலிண்டர் ஆக்சிஜனோடு கலந்து எரிக்கலாம் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. எரித்தால் சூடு கிடைக்கும், மூச்சு குறையும். மேசையில் ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை, அப்புறம் அவளே தன் சிலிண்டர் பகடையை ஒரு படி இறக்கினாள்.

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள் கட்டாயம் வேண்டுமா? (பள்ளி மாணவர், ஈரோடு)

பதில்: வேண்டாம். வைத்தால் ஓர் இனம் போதும், அவர்கள் என்ன சாப்பிடுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று முதலில் எழுதுங்கள், உருவத்தைக் கடைசியில் வரையலாம். வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.