கண்காணியும் ஊழியக்காரியும்: மலையகச் சபைப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹட்டனை அண்டிய ஒரு தோட்டத்தில், கொழுந்து பறித்த ஒரு தாயின் மகளாகப் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகளாக ஓய்வுநாள் பாடசாலையிலும் பெண்கள் வேதப்படிப்பிலும் கற்பித்து வருகிறேன். நான் குருப்பட்டம் பெற்றவள் அல்ல. சபையில் பெண்களின் வளர்ச்சியையும் தலைமைத்துவத்தையும் குறித்து எனக்கு வந்த கேள்விகளுள் எட்டினை எடுத்து, பெயர்களை நீக்கி, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரி: பதினொரு ஆண்டுகளாகப் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறேன். ஆனால் ஆலயக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. கேட்டால் 1 தீமோத்தேயு 2:12ஐக் காட்டுகிறார்கள். நான் என்ன சொல்வது, அக்கா?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அவர்கள் உங்களுக்கு மறுத்திருப்பது பிரசங்கபீடத்தை அன்று. காணிக்கைக் கணக்கைப் பார்ப்பதையும், கூரைத் தகரம் மாற்ற யாரை அழைப்பது என்று முடிவு செய்வதையுமே மறுத்திருக்கிறார்கள். உபதேசத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு வசனத்தைக் கொண்டுவந்து கூரைத் தகரத்துக்கு முட்டுக் கொடுப்பது நியாயமாகாது.

இனி அந்த வசனத்துக்கே வருவோம். அதற்கு முந்திய வசனத்தில் பவுல் பெண் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிடுகிறார். அக்காலத்தில் அதுவே சிறிய காரியமன்று. அதிகாரம் செலுத்துதல் என்று நாம் வாசிக்கிற இடத்திலுள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருவதால், அதன் பொருளைக் குறித்து அறிஞர்களிடையே இன்றுவரை ஒருமனம் இல்லை. பெண்கள் சபையில் பேசாமல் இருக்கட்டும் என்று 1 கொரிந்தியர் 14இல் எழுதிய அதே பவுல், அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒழுங்கு கற்பிக்கிறார். வாயே திறக்கக் கூடாதவளுக்கு எதற்காக அந்த ஒழுங்கு?

ரோமர் 16ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்குப் பவுல் கொடுக்கிற பட்டம் கிரேக்கத்தில் ‘தியாக்கொனொஸ்’ என்பதாகும். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அதை ‘ஊழியக்காரி’ என்கிறது. அதே சொல் 1 தீமோத்தேயு 3:8இல் வரும்போது ‘உதவிக்காரர்’ என்ற சபைப் பதவியாகிவிடுகிறது. ஒரே சொல் பெண்ணிடம் வரும்போது வேலையாகவும், ஆண்களிடம் வரும்போது பதவியாகவும் நம் காதில் விழுகிறது. இதை வேறுவிதமாக மனதார நம்புகிற சகோதரர்கள் உண்டு. அவர்களை நான் இகழமாட்டேன். ஆனால் கணக்குப் புத்தகத்துக்கும் இந்த விவாதத்துக்கும் தொடர்பில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பாக, எழுத்து மூலமாக, இரண்டு பெண்களின் பெயர்களைக் கொடுங்கள். ஒருத்தியை மட்டும் சேர்த்தால், குழு கூடும்போது தேநீர் கலக்குவதே அவளுடைய பொறுப்பாக முடியும். இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி: விடிய நான்கு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்குப் போய், பேர் போடுகிற (முழுநாள் சம்பளம் பதிகிற) அளவுக்குக் கொழுந்து எடுத்து வீடு திரும்பினால், வேதத்தைத் திறக்கும்போதே கண் சொக்குகிறது. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?

இல்லை, மகளே. களைப்புப் பாவமன்று. காலையில் ஒரு மணிநேரம் அமைதியாக உட்காருங்கள் என்று பிரசங்கிப்பவர்கள், தண்ணீர்ப் பீலிக்கு முன் வரிசையில் நின்றிராதவர்கள்.

என் அம்மா மூன்றாம் வகுப்புவரை மட்டுமே படித்தவர். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் என்னைக் கொண்டு ஒரு வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதுவித்து, அதை நான்காக மடித்துத் தலைத்துணிக்குள் செருகிக்கொள்வார். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, கை கொழுந்திலே இருக்க, ஒரு நிரை முடிவதற்குள் அந்த வசனத்தை இருபது தடவையாவது சொல்லிவிடுவாராம். மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும் நேரத்தில் தாளை எடுத்துச் சரிபார்ப்பார். 121ஆம் சங்கீதம் எட்டே வசனங்கள். வாரம் ஒன்று என்று வைத்தால் இரண்டு மாதத்தில் முழுச் சங்கீதமும் உங்களுடையது. வாசிப்புச் சிரமமானால், கைபேசியில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக்கொண்டே இரவுச் சமையலைச் செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். லூக்கா 10இல் மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்தாள் என்பது வெறும் பக்திக் காட்சியல்ல. பவுல் தாம் கமாலியேலின் பாதத்தருகே படித்ததாக அப்போஸ்தலர் 22:3இல் சொல்கிறார். அது மாணவர் உட்காருகிற இடம். ஆகவே, இயேசு ஒரு பெண்ணைச் சீஷியாகப் படிப்பித்தார் என்று அதை விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பைப் பார்ப்பது யார் என்ற அவள் சகோதரி மார்த்தாளின் கேள்வி நியாயமானதே. வாரத்தில் ஒரு மாலை அதற்கு உங்கள் கணவர் பதிலாக இருக்கட்டும்.

பெயர் வேண்டாம் என்ற ஓர் இளம் பெண்: மாதவிடாய் நாட்களில் வேதவாசிப்புக்கோ திருவிருந்து ஆயத்தத்துக்கோ போகக் கூடாது என்று மூத்தவர்கள் தடுக்கிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண் தொட்டபோது இயேசு தீட்டுப்பட்டதாக ஒதுங்கவில்லை. எல்லாருக்கும் முன்பாக அவளை ‘மகளே’ என்று அழைத்தார். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாராளமாகப் போங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு சகோதரர், ஆலயக் குழுச் செயலாளர்: பெண்கள் தலைமைக்கு வந்தால் ஆண்கள் சபைக்கு வருவது நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன். தலைமைத்துவம் ஆணுக்கு உரியதல்லவா?

உங்கள் வெளிப்படையான கேள்விக்கு நன்றி, ஐயா. நாம் தலைமை என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் யார் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பிலிப்பியர் 1:1இல், சபையை மேற்பார்க்கிறவர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பு ‘கண்காணிகள்’ என்ற சொல்லையே, தோட்டத்தில் நாம் கங்காணி என்கிற அதே சொல்லையே, வழங்குகிறது. மொழிபெயர்த்தவர்கள் தேயிலை மலையை நினைத்து அதை எழுதவில்லை. ஆனால், தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டி வந்து கடனாலேயே கட்டிவைத்த பெரிய கங்காணிகளின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல் அப்படி விழாது. தொழிலாளரின் கடனைச் சீட்டில் எழுதி, அதைத் தீர்ப்பவரிடம் அவர்களை ஒப்படைத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் குரல் ஒழியவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அவர் ஆண். குனிந்து பறிப்பவள் பெண். நிற்கிறவர் தலைவர், வேலை செய்கிறவள் ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் வரும்போதும் இந்த ஒழுங்கை அப்படியே கூட்டிக்கொண்டு வந்து, அதற்கு வேத வசனம் தேடுகிறோம் என்பதே என் எண்ணம். புறஜாதியாரின் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது என்று மாற்கு 10இல் இயேசு சொல்லுகிறபோது, இந்தக் கங்காணித்தனத்தையே அவர் தடுக்கிறார். அவர் சொன்ன அளவுகோலை வைத்தால், நோயாளியின் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) முதலில் போகிறவளும், மரணவீட்டில் இரவெல்லாம் இருக்கிறவளும் உங்கள் சபையில் ஏற்கெனவே தலைமை தாங்குகிறார்கள். நீங்கள் இன்னும் பதியவில்லை.

ஆண்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம் பழையது. 1711-12 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் எப்வர்த் என்னும் ஊரில், போதகரான சாமுவேல் வெஸ்லி இலண்டனில் இருந்தபோது, அவருடைய மனைவி சூசன்னா தன் பிள்ளைகளுக்காக வீட்டில் நடத்திய மாலை ஜெபத்துக்கு அயலவர் வரத்தொடங்கி, ஏறத்தாழ இருநூறு பேராகப் பெருகினர். உதவிக்குரு முறையிட்டார், கணவர் நிறுத்தச் சொல்லி எழுதினார். சூசன்னாவோ, நிறுத்த வேண்டுமானால் வேண்டுகோளாக அன்றி நேரடிக் கட்டளையாக எழுதும்படியும், கடைசி நாளில் அதற்கு அவரே கணக்குக் கொடுக்கும்படியும் பதில் எழுதினார். கட்டளை வரவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த சிறுவன் ஜோன் வளர்ந்து மெதடிஸ்த இயக்கத்தை உண்டாக்கினார். 1771இல் மேரி பொசன்கே என்ற பெண் பிரசங்கிப்பதைக் குறித்து எழுதிக் கேட்டபோது, அசாதாரண அழைப்பு உண்டென்று அவர் ஏற்றுக்கொண்டதில் தாயின் வீட்டுக்கூடம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தாய்: உயர்தரம் முடித்த மகள் இறையியல் படித்துக் குருவாக வேண்டும் என்கிறாள். நடக்கக்கூடிய காரியமா?

நடக்கக்கூடியதே, உங்கள் திருச்சபையைப் பொறுத்தது. இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டத்தில் 2006இல் பெண்கள் குருக்களாக அபிஷேகம் பெற்றார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் ஒரு பெண், நந்தியால் பேராயத்தின் பேராயரானார். பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் பல திருச்சபைகளின் மாணவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வளவில் படிக்கிறார்கள். முதலில் போதகரிடம் சொல்லி, குருத்துவத்துக்கான விண்ணப்ப ஒழுங்கைக் கேளுங்கள். படிப்புக்குப் போகுமுன் ஓராண்டாவது ஓய்வுநாள் பாடசாலை வகுப்பொன்றை அவள் தனியே நடத்தட்டும். அழைப்பு உண்மையானதா என்பது பதினைந்து சிறுபிள்ளைகளுக்கு முன்னால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கண்டியிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சகோதரி: எங்களுக்கு இடமே இல்லையா?

குருத்துவம் இல்லை. ஆனால் 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடப் பணியாளர் ஆகிய நிலையான பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியையும் முறைப்படி ஏற்படுத்தினார். உங்கள் பங்கில் அது நடைமுறைக்கு வந்திருக்கிறதா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு ஜெபக்குழுத் தலைவி: கணவன் குடித்துவிட்டு அடிப்பதாக ஒரு தங்கை என்னிடம் அழுதாள். ஜெபிப்பதைத் தவிர வேறென்ன செய்யலாம்?

முதலாவது, அதைக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக அறிவிக்காதீர்கள். மேட்டு லயத்துக்கு அந்தச் செய்தி நீங்கள் வீடு சேருமுன் போய்விடும். பொறுத்துப்போ, சிலுவையைச் சும என்று சொல்லாதீர்கள். அவள் சுமப்பது கிறிஸ்துவின் சிலுவை அன்று, ஒரு மனிதனின் கை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான உதவித் தொலைபேசி. உயிருக்கு ஆபத்தானால் அன்றிரவு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் படுக்க ஓரிடத்தை நீங்கள் முன்கூட்டியே நினைத்து வைத்திருங்கள். பிறகு அவளோடு ஜெபியுங்கள்.

இராகலையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை: எங்கள் பெண்கள் சங்கத்தில் தடையாக நிற்பது ஆண்கள் அல்லர், மூத்த அக்காமார்களே. எதற்கும் விடமாட்டார்கள்.

இந்தக் கேள்வி என்னைக் குத்தியது. ஒன்பது ஆண்டுகள் நான் சங்கச் செயலாளராக இருந்தேன். அறிக்கைப் புத்தகம் இருந்த அலுமாரியின் திறப்பு என் முந்தானை முடிச்சில்தான் இருக்கும். கங்காணியைப் பற்றி மேலே இவ்வளவும் எழுதிய நான், அந்த அளவில் ஒரு கங்காணியாகவே இருந்திருக்கிறேன். தீத்து 2ஆம் அதிகாரம் முதிர்வயதுள்ள பெண்கள் இளம் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்கிறது. அவர்களை எதிலும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இல்லை.

அக்காமாரிடம் பதவியைக் கேட்காதீர்கள்; ஒரு கூட்டத்தைக் கேளுங்கள். மார்ச் மாதத்தின் முதல் வெள்ளியில் வரும் உலக ஜெப நாள் ஆராதனை அதற்குப் பொருத்தமானது, ஏனெனில் அதன் ஒழுங்கை ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டின் பெண்களே எழுதியனுப்புகிறார்கள். உள்ளூரில் யாரும் அதைத் தம்முடையதென்று உரிமை கொண்டாட முடியாது. எங்கள் சபையில் திறப்பை என்னிடம் கேட்டு வாங்கியவள் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. அவள் செய்த முதல் வேலை, கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணியிலிருந்து மாலை ஆறரைக்கு மாற்றியது. மூன்று மணிக்குக் கொழுந்து மலையில் இருப்பவர்கள் எப்படி வருவார்கள் என்று, கொழுந்து பறித்தவரின் மகளான எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தோன்றவேயில்லை.