கலிபோர்னியாவில் உணவக முதலாளி ஓவர்டைம் பணம் தரவில்லை. கையில் ஆதாரம் இல்லாமல் மாநிலத் தொழிலாளர் துறையிடம் புகார் செய்தால் பயன் உண்டா?

பயன் உண்டு; ஆனால் உடனே கிடைக்காது. நீங்களும் ரொக்கமாகச் சம்பளம் வாங்கியவர், சம்பளச் சீட்டைக் கண்ணால் கண்டதில்லை என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். அந்த மாநிலத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்த்து, நிலுவைக்காகப் புகார் கொடுத்தவன். என் தகுதி அவ்வளவே.

அங்கே பொதுவாக ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கும், 12 மணி நேரத்தைத் தாண்டினால் இரு மடங்கும் ஊதியம் தர வேண்டும். கூட்டாட்சிச் சட்டமோ வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கை மட்டுமே பார்க்கிறது. எங்கள் உரிமையாளர், மாதச் சம்பளக்காரனுக்கு ஓவர்டைம் கிடையாது என்று சொல்லியே எங்களை வாயடைத்து வைத்திருந்தார். மாதச் சம்பளம் என்று பெயரிட்டுவிட்டால் மட்டும் ஒரு சமையல்காரர் அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடமாட்டார் என்பதை, கூலிப் புகார்களைக் கவனிக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆதாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலை நேரத்தைப் பதிவு செய்து வைப்பது முதலாளியின் கடமை; அவர் அதைச் செய்யாதபோது தொழிலாளி காட்டும் நியாயமான மதிப்பீட்டை ஏற்கலாம் என்று 1946-இல் ஒரு மட்பாண்ட ஆலை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் கொடுத்தவை, கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறேன் என்று இரவுதோறும் என் மனைவிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். சமரசப் பேச்சில் உரிமையாளர் அவற்றைப் பார்த்துச் சிரித்தார். அப்படியானால் உங்கள் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று அலுவலர் கேட்டபோது, காட்டுவதற்கு அவரிடம் ஒரு தாளும் இல்லை.

கோரிய தொகையில் ஒரு பகுதிக்கு அங்கேயே ஒப்புக்கொண்டேன். முழுத் தொகைக்கும் போராடியிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புகார்களை 135 நாள்களுக்குள் முடிக்கச் சட்டம் சொல்லியிருக்க, இரண்டாண்டுகளுக்கு மேலும் அவை இழுபடுவதை அம்மாநிலத் தணிக்கையாளரே 2024-இல் சுட்டிக்காட்டினார். வாடகை அதுவரை காத்திருக்காது.

நம்மவரையே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று தமிழ்ச் சங்க விழாவில் என் காதுபடவே பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அந்த அடுப்பின் முன் நின்றவர் அல்லர்.

அந்த அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணியிடப் பாதுகாப்பைக் கவனிப்பது, கால்-ஓஷா என்ற வேறொரு பிரிவு. 2024 ஜூலை முதல், பணியிடத்தின் உள்ளே வெப்பம் 82 பாரன்ஹீட் டிகிரியை எட்டினால் குடிநீரும், உடலைக் குளிர்வித்துக்கொள்ள ஓர் இடமும் தர வேண்டும் என்ற விதி அங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பிரிவில் புகார் கொடுப்பவரின் பெயரை முதலாளிக்குச் சொல்லமாட்டார்கள். கூலிப் புகாரில் அந்த மறைவு கிடையாது. உங்கள் பெயரிலேயே அவருக்கு அறிவிப்பு போகும். ஆனால் புகார் கொடுத்த 90 நாள்களுக்குள் உங்களை வேலையிலிருந்து நீக்கினால், அது பழிவாங்கல் என்றே முதலில் கருதப்படும். அப்படியன்று என்று காட்டும் பொறுப்பு அவருடையது. இதுவும் 2024-இல்தான் வந்தது.

நீங்கள் ஏற்கெனவே வேலையை விட்டிருந்தால், கடைசிச் சம்பளத்தை வேண்டுமென்றே தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் ஊதியம் வீதம், 30 நாள் வரை தண்டத் தொகையும் கேட்கலாம். புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, விசா நிலையைக் கேட்கமாட்டார்கள், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். ஓவர்டைம் நிலுவைக்குக் கெடு மூன்றாண்டுகள். புகார் கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள் என்பதால், நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரத்துக்கும் பழைய நிலுவையில் ஒரு வாரம் கைவிட்டுப் போகும்.