பதிவு வெற்றி, சிக்னல் மட்டும் வரவில்லை: லினக்ஸ் மெசேஜ் க்யூவை வேறு கெர்னலில் இயக்குவது எப்படி?

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கெர்னலில் (அதன் உட்கருவில்) இயங்கும் ஒரு கருவியில், சோர்ஸ் கோடு இல்லாத ஒரு லினக்ஸ் நிரலை ஓட்ட வேண்டியிருக்கிறது. அது போசிக்ஸ் மெசேஜ் க்யூவை, அதாவது நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் வரிசையைப் பயன்படுத்துகிறது. எங்கள் கெர்னலிலேயே அந்த வசதி இருப்பதால், லினக்ஸ் சிஸ்டம் கால்களை (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை) அப்படியே எங்கள் கால்களுக்குத் திருப்பிவிட்டேன். முதலில் க்யூ திறக்கவே மறுத்தது. பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு சேர்த்து, வேறொரு நிரலால் க்யூவை முன்கூட்டியே உருவாக்கி வைத்ததும் திறந்துவிட்டது. ஆனால் 'செய்தி வந்தால் சிக்னல் அனுப்பு' என்று பதிவு செய்தால், வெற்றி என்ற பதில் வருகிறது. சிக்னல் வருவதே இல்லை. என்ன காரணம்?

பதில்: உங்கள் க்யூவில் குறை எதுவும் இல்லை. லினக்ஸ் நிரல் சொன்னது ஒன்று, உங்கள் கெர்னலின் காதில் விழுந்தது வேறொன்று. நீங்கள் சொன்ன மூன்று சிக்கல்களுக்கும் இதுதான் காரணம்.

கடைசிச் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன். அறிவிப்பு கேட்கும்போது நிரல் சிக்ஈவென்ட் என்ற ஸ்ட்ரக்சரை, அதாவது பல தகவல்களை ஒரு வரிசையில் அடுக்கிய தொகுப்பைக் கொடுக்கிறது. லினக்ஸில் அதன் முதல் உறுப்பு, சிக்னலோடு திரும்பி வரவேண்டிய மதிப்பு. அடுத்து சிக்னல் எண். அதற்கும் அடுத்துதான் எந்த வகை அறிவிப்பு என்பது. ஃப்ரீபிஎஸ்டியில் வகைதான் முதலில், மதிப்பு மூன்றாவது. பல நிரல்கள் அந்த மதிப்பைச் சுழியமாகவே விட்டுவிடும். உங்கள் கெர்னல் அந்தச் சுழியத்தை 'வகை' என்று படிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் சுழியம் என்றால் 'அறிவிப்பே வேண்டாம்'. கேட்டபடி செய்துவிட்டு வெற்றி என்று சொல்கிறது.

உறுப்புகளின் வரிசையை மட்டும் சரிசெய்தால் போதாது. லினக்ஸில் 'சிக்னல் அனுப்பு' என்பதன் எண் 0, 'வேண்டாம்' என்பதன் எண் 1. ஃப்ரீபிஎஸ்டியில் இவை இரண்டும் நேர்மாறு. ஆகவே ஸ்ட்ரக்சரைச் சரியாகப் படித்தாலும் அதே மௌனம்தான் கிடைக்கும். சிக்னல் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். நிரல்கள் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தும் சிக்யூஎஸ்ஆர்1 சிக்னலின் எண் லினக்ஸில் 10. ஃப்ரீபிஎஸ்டியில் 10 என்றால் மெமரிப் பிழையைச் சொல்லும் சிக்பஸ். உள்ளே வரும்போது மாற்றாமல் விட்டால், சிக்னலை நிரலுக்குக் கொடுக்கும் எமுலேஷன் பகுதி (லினக்ஸைப் போலச்செய்யும் அடுக்கு) அதை லினக்ஸ் சிக்பஸ்ஸாக, அதாவது 7-ஆக மாற்றிக் கொடுக்கும். நிரல் செத்துவிழும், நீங்கள் மெமரியில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

க்யூவை முன்கூட்டியே உருவாக்க வேண்டிவந்ததற்கும் இதே போன்ற காரணம்தான். 64-பிட் இன்டெல் வகைச் செயலிகளில் லினக்ஸின் 'இல்லையென்றால் உருவாக்கு' ஃப்ளாக் (ஒரு விருப்பத்தைக் குறிக்கும் எண்) 64; ஃப்ரீபிஎஸ்டியில் 64 என்பது அசிங்க் என்ற வேறொரு ஃப்ளாக், உருவாக்கும் ஃப்ளாக் 512. அதனால் உருவாக்கு என்ற வேண்டுகோள் கெர்னலுக்குப் போய்ச் சேரவே இல்லை. இன்னும் மோசமான ஒன்று காத்திருக்கிறது. லினக்ஸில் 'காத்திருக்காதே' என்பது 2048. ஃப்ரீபிஎஸ்டியில் அதே 2048, 'ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடு' என்று பொருள்படும். உருவாக்கும் ஃப்ளாக்கை மட்டும் அவசரமாகச் சரிசெய்தால், நான்-பிளாக்கிங்காக, அதாவது 'காத்திருக்காதே' என்று சொல்லித் திறக்கும் நிரல் முதல் முறை ஓடும், இரண்டாம் முறை 'ஏற்கெனவே உள்ளது' என்று நின்றுவிடும். ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியே மாற்றுங்கள். தெரியாத பிட் வந்தால் நிராகரியுங்கள். க்யூவின் பண்புகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஃப்ரீபிஎஸ்டியின் 'காத்திருக்காதே' ஃப்ளாக்கான 4, 2048-ஆக வெளியே போகவேண்டும்.

சாய்கோடு விஷயம், எமுலேஷன் எழுதும் எல்லோருக்கும் ஒரு பாடம். மேன் பக்கம் (லினக்ஸ் கையேடு) பெயர் சாய்கோட்டில் தொடங்கவேண்டும் என்கிறது. அது, லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகமான ஜிலிப்சிக்கான விதி. நூலகம் அந்தச் சாய்கோட்டைச் சரிபார்த்து, நீக்கிவிட்டு, மீதிப் பெயரை மட்டுமே கெர்னலுக்கு அனுப்புகிறது; சாய்கோட்டை எதிர்பார்க்கும் உங்கள் கெர்னல் அதனால்தான் மறுத்தது. நீங்கள் போலச்செய்ய வேண்டியது லினக்ஸ் கெர்னலை, லினக்ஸ் நூலகத்தை அல்ல. நூலகம் அந்த நிரலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பண்புகளைக் கேட்கும் எம்க்யூ-கெட்ஆட்டர், க்யூவை மூடும் எம்க்யூ-க்ளோஸ் என்ற பெயர்களில் லினக்ஸில் சிஸ்டம் கால் இல்லாததும் இதனால்தான். முதலாவதும் பண்புகளை மாற்றும் செட்ஆட்டரும் சேர்ந்து 245-ஆம் எண் கால். இரண்டாவது சாதாரண க்ளோஸ். 240 முதல் 245 வரை மொத்தம் ஆறே கால்கள்.

நூலகம் இடையில் செய்யும் வேலையில் மிகவும் நுணுக்கமானது, திரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் கிளை) வழி அறிவிப்பு. 'செய்தி வந்ததும் இந்தச் செயற்கூறைப் புதுத் திரெட்டில் ஓட்டு' என்று நிரல் கேட்டால், ஜிலிப்சி கெர்னலோடு பேசும் வழியான ஒரு நெட்லிங்க் சாக்கெட்டைத் திறந்து, சிக்னல் எண் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சாக்கெட்டின் எண்ணை வைத்து அனுப்புகிறது. கூடவே 32 பைட் குக்கி (அடையாளத் தகவல்) ஒன்றின் முகவரி. செய்தி வந்ததும் கெர்னல் அந்தக் குக்கியின் கடைசி பைட்டில் 1 என்று எழுதி சாக்கெட்டில் போடவேண்டும். பதிவு நீக்கப்பட்டால் 2. இதைச் செய்ய உங்கள் நெட்லிங்க் அடுக்கு இடம் தராவிட்டால், 'இந்த வசதி இல்லை' என்ற பிழையைத் தெளிவாகத் திருப்புங்கள். செய்யாததைச் செய்ததாகச் சொல்லும் எமுலேஷன், வசதி இல்லாததைவிடத் தீங்கானது. அதைப் பயன்படுத்துபவர் எங்கே தேடுவதென்றே தெரியாமல் தவிப்பார்.

சோர்ஸ் கோடை எப்படிப் பிரிப்பது? ஃப்ரீபிஎஸ்டியில் ஏற்கெனவே உள்ள வழக்கமே நல்லது: பயனர் மெமரியிலிருந்து நகலெடுக்கும் மேல்பகுதி தனி, கெர்னல் பாயிண்டர்களோடு (மெமரி முகவரிகளோடு) வேலை செய்யும் உள்பகுதி தனி. லினக்ஸுக்குப் புதிய மேல்பகுதி எழுதி, அதே உள்பகுதியை அழையுங்கள். மொழிபெயர்ப்பு முழுவதும் அந்த மேல்பகுதியிலேயே முடிந்துவிட வேண்டும். லினக்ஸுக்கென்று இரண்டாவது க்யூ எழுத ஆசைப்படாதீர்கள். உள்ளூர் நிரலும் லினக்ஸ் நிரலும் ஒரே க்யூவில் பேசிக்கொள்ளும் வாய்ப்பு அதோடு போய்விடும். க்யூ வசதி தனி மாட்யூலாக ஏற்றப்படுகிறதென்றால், உங்கள் மாட்யூல் அதைச் சார்ந்திருப்பதாக அறிவிக்கவும் வேண்டும்.

வரம்புகளில் இரண்டு உங்களைத் தடுக்கும். பண்புகள் எதுவும் கொடுக்காமல் க்யூ உருவாக்கினால், லினக்ஸில் ஒரு செய்தி 8192 பைட் வரை போகலாம். ஃப்ரீபிஎஸ்டியின் இயல்பு 1024 மட்டுமே. லினக்ஸ் மேல்பகுதியில் பாயிண்டர் வெறுமையாக வந்தால், 10 செய்தி, 8192 பைட் என்று நீங்களே நிரப்பி உள்ளே அனுப்புங்கள். அடுத்தது முன்னுரிமை. லினக்ஸ் 32768-க்குக் கீழுள்ள எந்த எண்ணையும் ஏற்கும், ஃப்ரீபிஎஸ்டி 64-க்குக் கீழ் மட்டும். 63-ஐத் தாண்டியதையெல்லாம் 63-ஆகச் சுருக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். 100-க்கும் 200-க்கும் இடையிலுள்ள வரிசை அழிந்துவிடும். அந்த வரிசைக்காகத்தான் நிரலர் அந்த எண்களைக் கொடுத்தார். செய்திகள் வரிசைப்படுத்திய ஒரு பட்டியலில்தான் உட்காருகின்றன என்பதால், வரம்பை உள்பகுதிக்கு ஒரு அளவுருவாகக் கொடுத்து உயர்த்துவதில் சிரமம் இல்லை.

பிழை எண்களை எமுலேஷனின் பொது அட்டவணையே மாற்றிவிடும். நீங்களாக எண்ணை எழுதாமலிருந்தால் போதும். எழுதினால், 11-உம் 35-உம் இரு அமைப்புகளிலும் இடம்மாறி, 'மறுபடி முயல்' என்பது 'டெட்லாக்' ஆகிவிடும். 32-பிட் நிரல்களுக்கு லாங் (முழு எண் வகை), டைம்ஸ்பெக் (நேரத்தைக் குறிக்கும் ஸ்ட்ரக்சர்) இரண்டின் அளவும் வேறு. அதற்குத் தனி மேல்பகுதி வேண்டும்.

காத்திருக்கும்போது சிக்னல் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியே சோதியுங்கள். ரீஸ்டார்ட் ஃப்ளாக் (குறுக்கிடப்பட்ட காலை மறுபடி தொடங்கு என்பது) இருந்தால் லினக்ஸில் போசிக்ஸ் க்யூ கால்கள் மீண்டும் தொடரும். காலக்கெடு முழுமையான கடிகார நேரமாகத் தரப்படுவதால், தொடர்ந்தாலும் கெடு நீளாது. பழைய சிஸ்டம்-5 வகை க்யூவின் எம்எஸ்ஜி-ஆர்சிவி போன்ற கால்களோ, அந்த ஃப்ளாக் இருந்தாலும் குறுக்கீட்டுப் பிழையோடுதான் திரும்பும்.

சோதனைக்கு, லினக்ஸைச் சோதிக்கும் நிரல்களின் தொகுப்பான லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்டில் மெசேஜ் க்யூ கால்களுக்கென்றே சோதனை நிரல்கள் உள்ளன. அவற்றை உண்மையான லினக்ஸில் ஒருமுறை, உங்கள் கெர்னலில் கே-ட்ரேஸ் (சிஸ்டம் கால்களைப் பதிவு செய்யும் கருவி) போட்டு ஒருமுறை ஓட்டி, இரண்டு பதிவுகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அறிவிப்புச் சோதனையை முதலில் ஓட்டுங்கள். ஒருமுறை சிக்ஈவென்ட்டின் மதிப்பைச் சுழியமாகவும் மறுமுறை வேறு எண்ணாகவும் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் சரியான சிக்னல் வந்த பிறகே மற்றக் கால்களுக்குப் போங்கள்.