இடுப்பில் இருக்கும் குழந்தை

வணக்கம். நகரத்தின் குடிசைப்பகுதி ஒன்றில் நானும் நண்பர்கள் சிலரும் வளரிளம்பெண்களுக்காக ஞாயிறுதோறும் காலையில் தன்னம்பிக்கை வகுப்பு நடத்துகிறோம். தொடக்கத்தில் நல்ல கூட்டம். இப்போது ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை. அந்தப் பெண்களுக்கும் கனவு என்று எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு ஊக்கம் தரும் புத்தகங்கள் சிலவற்றைச் சொல்வீர்களா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓய்வு நாளைப் பிறருக்காகக் கொடுக்கிறீர்கள். அந்த மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கோபப்படுகிறேன்.

கனவு இல்லை என்று எந்தத் துணிச்சலில் எழுதினீர்கள்? வகுப்புக்கு வராமல் போன ஒரு பெண்ணின் வீட்டுக்காவது சென்று பார்த்தீர்களா? ஞாயிறு உங்களுக்கு விடுமுறை. வீட்டுவேலைக்குப் போகும் தாய்க்கு அன்றைக்குத்தான் வேலை கூடுதல், ஏனென்றால் அவள் வேலை செய்யும் வீடுகளில் அன்று எல்லோரும் இருப்பார்கள். அவள் கிளம்பிய பிறகு கைக்குழந்தையை யார் பார்ப்பது? உங்கள் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய பெண்தான்.

நான் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலைநேர வகுப்புக்கு உதவியாகப் போய்க்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "உட்கார்ந்தால் அழுவான்" என்பாள். நின்றபடி, குழந்தையை ஆட்டியபடி, கரும்பலகையில் இருக்கும் கணக்குக்கு உள்ளே இருப்பவர்களுக்கு முன்பாக விடை சொல்லிவிடுவாள். ஒருநாள் பாடம் எடுத்தவர், குழந்தையை விட்டுவிட்டு வருவதானால் வா என்று சொல்லிவிட்டார். அவள் பதில் பேசாமல் போனாள். அதன் பிறகு வரவில்லை. அவளுக்கு ஊக்கம் குறைந்திருந்தது என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

பெற்றோரைப் பற்றி நீங்கள் எழுதியதும் அநியாயம். திறந்த சாக்கடையும் ஓயாத வண்டிகளும் உள்ள சந்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தனியாக விடாமல், பெரியவளின் கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்தத் தாயால் காட்ட முடிந்த அக்கறை. அதற்கு விலையாகப் போவது மகளின் படிப்பு என்பது அவளுக்கும் தெரியும். வேறு வழியை நாம் வைக்கவில்லை.

என்னைக் கேட்டால், குடிசைப்பகுதியில் பெண்பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது குழந்தைக் காப்பகம். தாய் வேலைக்குப் போய்வரும் நேரம் முழுவதும் திறந்திருக்கும் காப்பகம். இது புதிய யோசனையும் அல்ல. மீரா மகாதேவன் டெல்லியில் 1969இல் மொபைல் கிரெஷஸ் அமைப்பைத் தொடங்கினார். கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் என்பதுதான் அதன் வழி. கென்யத் தலைநகர் நைரோபியின் கோரோகோச்சோ குடிசைப்பகுதியில் ஆய்வாளர்கள் தாய்மாருக்குக் காப்பகச் செலவுக்கு உதவி கொடுத்துப் பார்த்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கூடினார்கள்.

நம்முடைய சட்டங்களும் காப்பகத்தை அறியாதவை அல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அது இருந்தது. 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு என்று வந்தது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எல்லாமே ஒரே கூரையின் கீழ் தலைகளை எண்ணுகிற சட்டங்கள். வீட்டுவேலை செய்பவள் ஒவ்வொரு வீட்டிலும் ஒற்றை ஆள். அவள் தெருவில் அப்படி நூறு பேர் இருந்தாலும் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். வேலை செய்யும் இடத்தை விட்டுவிட்டு, குடியிருக்கும் இடத்தில் எண்ணினால் என்ன?

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலான அங்கன்வாடிகளில் கைக்குழந்தைகளை நாள் முழுவதும் விட்டுவைக்க முடியாது. மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கும் சில மணி நேரம்தான். தாய் திரும்புவதற்குள் கதவு மூடிவிடும். பள்ளியிலிருந்து வரும் அக்காளின் இடுப்புக்குக் குழந்தை மறுபடியும் ஏறிவிடும்.

புத்தகப் பட்டியலை இப்போது கேட்காதீர்கள். வகுப்பு நடக்கும் இடத்தை ஒட்டி இன்னோர் அறை கிடைக்குமா என்று பாருங்கள். அந்தப் பகுதியிலேயே, பிள்ளை வளர்த்துப் பழகிய இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். குழந்தையோடு வரலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமும் பேசுங்கள். எந்த வீட்டில் எத்தனை குழந்தை என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: ஆள் கிடைக்கவில்லை என்று, வகுப்புக்கு வரும் பெண்களையே முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.