ஆடியில் கருத்தரித்தால் ஆபத்தா?

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது. கணவர் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் உலைப் பக்கம் வேலை பார்க்கிறார். "ஆடியில் தங்கினால் சித்திரையில் பிறக்கும், பச்சைப் பிள்ளை வெயில் தாங்காது, உன் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா" என்கிறார் அத்தை. பிறப்புக்கும் பருவத்துக்கும் தொடர்பு இருப்பதாக அறிவியலும் சொல்கிறது என்று படித்தேன். நாங்கள் மாதம் பார்த்துத்தான் முயற்சி செய்ய வேண்டுமா?
– வாசகி, சிங்காநல்லூர்

பதில்: தொடர்பு இருப்பது உண்மை. லட்சக்கணக்கான பிறப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். ஒரு தம்பதிக்கு அதை வைத்து நாள் குறிக்க முடியாது.

இங்கிலாந்தில் 1995 முதல் 2014 வரையிலான பதிவுகளின்படி அதிகம் பேர் பிறந்த தேதி செப்டம்பர் 26. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் கிறிஸ்துமஸ் விடுமுறை வரும். இஸ்லாமிய நாடுகளில் கருத்தரிப்பு நோன்புப் பெருநாளை ஒட்டிக் கூடுகிறது. பெருநாள் ஆண்டுதோறும் நகர நகர அதுவும் கூடவே நகர்கிறது. ஆக, விடுமுறைக்கும் மக்களின் மனநிலைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது வெப்பம். அமெரிக்காவின் வெயில் மிகுந்த தென் மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களில் பிறப்பு குறைவாக இருக்கும். எட்டு, ஒன்பது மாதம் முன்னால் போனால் அங்கே கடும் கோடை. அந்நாட்டின் பல பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, சராசரி வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்கள் கூடினால் எட்டு முதல் பத்து மாதத்தில் பிறப்பு விகிதம் சரிவது தெரிந்தது. வீடுகளில் ஏசி பரவிய பிறகு இந்தச் சரிவு வெகுவாக மட்டுப்பட்டது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இனி உங்கள் அத்தையின் கணக்குக்கு வருவோம். கரு உருவானதிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 266 நாள். ஆடி முதல் தேதி தங்கிய குழந்தை ஏப்ரல் 9 வாக்கில், பங்குனி முடியும்போது பிறக்கும். ஆடிக் கடைசியில் தங்கியது மே 9 வாக்கில். மே 4 முதல் 28 வரை வரும் கத்திரி வெயிலில் பிறப்பவை பெரும்பாலும் ஆவணியில் தங்கிய பிள்ளைகள்தாம். ஆவணியோ நாம் தேடிப் பிடித்து முகூர்த்தம் வைக்கிற மாதம்! மின்விசிறியும் ஆஸ்பத்திரியும் இல்லாத காலத்தில் பெரியவர்கள் அக்கறையோடு போட்ட கணக்கு அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆடியைத் தவிர்த்தால் வெயிலைத் தவிர்த்ததாகாது. தவிர, சித்திரையில் பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அதற்குப் பயந்து, மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்பே சிசேரியன் கேட்பவர்கள் உண்டு. குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதனால் கூடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

நான் கவலைப்படுவது வயிற்றில் பிள்ளையோடு வெயிலில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது. எந்த மாதம் தங்கினாலும் பத்து மாதச் சுமையில் வெயில் காலம் ஏதாவது ஒரு பகுதியில் குறுக்கிடத்தான் செய்யும். அந்த நாட்களில் நிழல், தண்ணீர், நடுப்பகல் ஓய்வு மூன்றும் கட்டாயம். கோடையில் பிறந்த குழந்தையைத் துணி சுற்றிப் புழுங்க விடாமல், கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுத்தால் போதும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கணவரின் வேலை. விரைகள் உடலைவிட இரண்டு, மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உற்பத்தியாகும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிப்பதால், இன்று பட்ட சூடு அடுத்த இரண்டு மூன்று மாதம் வரை தெரியலாம். உலையை விட்டு வேறு பிரிவுக்குச் சில மாதம் மாற முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமான உள்ளாடை, சுடுநீர்க் குளியல் வேண்டாம்.

நீங்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இப்போதே தொடங்குங்கள். கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே கரு தங்கக்கூடியவை. ஆடி முழுக்கப் பிரிந்திருந்தால் அப்படி ஒரு வாய்ப்பு கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். அம்மா வீட்டில் சீராட விருப்பமிருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். 35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும் தங்காவிட்டால்தான் வழக்கமாகப் பரிசோதனைக்கு வரச் சொல்வோம். உங்கள் கணவர் மட்டும் அதுவரை காத்திருக்காமல் இந்த மாதமே விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.