மேச்சேரி ஆட்டுப் பட்டிக்கு எந்த நாய்?

கேள்வி: காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எட்டு ஏக்கர் கொறங்காடும் (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்) மூன்று ஏக்கர் தோட்டமும் வைத்துப் பண்ணையம் பார்க்கிறேன். மேச்சேரி ஆடு நாற்பது, கறவை மாடு மூன்று, கொஞ்சம் நாட்டுக்கோழி. சாளையில் (தோட்டத்து வீட்டில்) நான், வீட்டுக்காரம்மா, என் அம்மா மூன்று பேர்தான். போன மாதம் ராத்திரியில் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஏழு ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ராட்வைலர் வாங்கித் தருகிறேன் என்கிறான். எனக்கு ராஜபாளையம் மேல் ரொம்ப நாள் ஆசை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிப்பிப்பாறைதான் சரி என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு வயதுப் பேத்தி வந்துவிடுவாள். எந்த நாய் வாங்கலாம்?

பதில்: வணக்கமுங்க. ஒரே ராத்திரியில் ஏழு ஆடு போவது ஒரு வருடப் பாடு போவதற்குச் சமம். அந்த வேதனையில் உடனே ஒரு முரட்டு நாயைக் கொண்டுவந்து கட்டிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். கொஞ்சம் பொறுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் கூடவே இருக்கும். அவசரத்தில் வாங்கிய நாயால் பட்டிக்கும் காவல் இல்லாமல், நாய்க்கும் நிம்மதி இல்லாமல் போன சாளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனத்தின் பெயரைக் கேட்கும் முன்னால் உங்கள் ஒரு நாளைப் பாருங்கள். விடியும் முன் பால் கறவை, பிறகு தீவனம், தண்ணீர், ஆடு திறந்துவிடுவது, பொழுது சாய ஆடு அடைப்பது. இதற்கு நடுவே நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கவோ பழக்கவோ உங்களில் யாருக்கு நேரம் இருக்கிறது? நாய் மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் சேர்ந்தே இருக்க வேண்டும். வீட்டிலிருக்கும் உங்கள் அம்மா ஒரு சொல் சொன்னால் அடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வாலைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துவருகிற நாய்தான் உங்களுக்கு ஏற்ற நாய்.

முதலில் மகன் சொன்ன ராட்வைலர். ஜெர்மனியில் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த நாய் அது. வளர்ந்த கடுவன் (ஆண் நாய்) ஐம்பது கிலோவுக்கு வரும். கருப்பு ரோமம், கனத்த உடம்பு. சித்திரை, வைகாசி வெயிலில் காங்கயம் பக்கம் அது மூச்சு வாங்கிக்கொண்டே கிடக்கும். சின்ன வயதிலிருந்து கண்டிப்பாக, தினமும், ஒரே ஆள் பழக்கினால் நல்ல நாய். பழக்கும் ஆள் திருப்பூரில் இருந்துகொண்டு வாரம் ஒரு தடவை வருகிறார் என்றால் அந்த நாய் யாருக்கும் கட்டுப்படாமல்தான் வளரும். உங்கள் அம்மாவால் கயிற்றைப் பிடித்து நிறுத்த முடியாத நாய் அந்தச் சாளையில் இருக்கவே கூடாது. இதை மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருந்த வயதானவர்கள் கொல்லப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு நம் பக்கத்தில் பெரிய பெரிய நாய்களாகக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ராத்திரியில் நமக்கு உதவுவது நாயின் கடியைவிட அது போடும் குரைப்புத்தான். புது ஆள் வேலியோரம் வரும்போதே குரைத்து உங்களை எழுப்பும் நாயும், படுத்த இடத்திலிருந்தே போடக்கூடிய வெளி விளக்கும், கைக்கு எட்டும் போனும் சேர்ந்தால்தான் காவல். சங்கிலியில் கட்டிப் போட்ட ஐம்பது கிலோ நாய் சங்கிலி நீளத்துக்குத்தான் காவல் காக்கும்.

ராஜபாளையம் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். 2005இல் அஞ்சல் துறை அதற்குத் தபால் தலையே வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் பதிவு செய்த நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. நம் மண்ணின் சொத்து, வளர்க்க வேண்டிய நாய்தான். ஆனால் அது ஒரே எஜமானரை ஒட்டிக்கொள்ளும் நாய். வெளியாள் தொடுவதை விரும்பாது. பால் வண்டிக்காரர், தேங்காய் போடும் ஆள், ஆட்டு வியாபாரி என்று நாள் முழுக்க ஆள் வந்துபோகும் சாளையில் அதைப் பெரும்பாலும் கட்டித்தான் வைக்க வேண்டி வரும். கட்டியே வைத்தால் கெட்டுப்போகும். வெள்ளைத் தோல் என்பதால் கொளுத்தும் வெயிலில் மூக்கும் காதும் புண்ணாகும். இன்னொன்று, முழு வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடு. வாங்கினால், குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் திரும்பும்போது ஒன்று மட்டும் திரும்பாவிட்டால் அதை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு குட்டியையும் தனியாக விட்டும் சோதியுங்கள். கூட்டத்தில் இருக்கும்போது மற்றதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன சிப்பிப்பாறையும், அதன் உறவான கன்னி இனமும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். ஓடுகிற எதையும் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் உள்ளது. ஆட்டுக்குட்டி துள்ளினாலும் கோழி ஓடினாலும் அதே கால் கிளம்பும். குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்த்தால் அடங்கும் நாய்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே நாய்க்கடி பட்டு மிரண்டு கிடக்கும் பட்டியில் அந்தப் பரிசோதனை வேண்டாம். முயலுக்குக் கூட்டிப்போகலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கோம்பை நாயை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தேனி மாவட்டத்துக் கோம்பைப் பக்கத்து இனம். செம்மண் நிறம், கருத்த மூஞ்சி, கட்டான உடம்பு. காவலுக்கு நல்லது, நம் வெயிலையும் தாங்கும். சிக்கல் என்னவென்றால், செவலை நிறத்தில் இருக்கும் எந்தக் குட்டியையும் கோம்பை என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

என் யோசனை இதுதான். நல்ல குணமுள்ள தாய்க்குப் பிறந்த ஒரு நாட்டு நாய்க் குட்டியை எடுத்துப் பட்டியிலேயே வளர்த்துப் பழக்குங்கள். நம் பெரியவர்கள் பட்டி நாய் என்று வைத்திருந்தது இதைத்தான். வெயில், மழை, ராகிக் களி, எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்கும். பதினைந்து இருபது கிலோதான் இருக்கும், அம்மாவாலும் பிடிக்க முடியும். பக்கத்துச் சாளைகளில் ஆட்டோடு திரியும் பெட்டை நாய் எது என்று விசாரியுங்கள். அதன் குட்டிதான் உங்களுக்கு வேண்டும். எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும். அதற்குக் குறைந்த வயதுக் குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளும் சொல்கின்றன.

பெட்டைக் குட்டியே எடுங்கள். பெட்டை வைத்தால் தொல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்துவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது, காவலும் குறையாது. கடுவனை அவிழ்த்துவிட்டால் சூட்டுக்கு வந்த பெட்டையைத் தேடி ராத்திரி நாலு ஊர் சுற்றும். உங்கள் பட்டியில் புகுந்த கூட்டத்தையும் நன்றாக விசாரித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் ராத்திரி அவிழ்த்துவிட்ட வீட்டு நாய்களும் சேர்ந்துகொள்வது உண்டு.

பழக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை நாய்க்குட்டி எதோடு இருக்கிறதோ அதையே தன் கூட்டம் என்று மனதில் வாங்கிக்கொள்ளும். எனவே கொண்டுவந்த அன்றைக்கே பட்டிக்குள் ஒரு மூலையில் சின்னத் தடுப்புக் கட்டி அதில் விடுங்கள். ஆடுகள் மோந்து பார்க்கட்டும். முட்டாத சாதுவான பெரிய ஆடு இரண்டை அதனோடு சேர்த்து விடுங்கள். சோறும் தண்ணீரும் அங்கேயே வையுங்கள். பேத்தியும் அங்கே போய்த்தான் தடவிக் கொடுக்க வேண்டும், திண்ணைக்குத் தூக்கி வரக் கூடாது. ஆனால் மனித வாடையே இல்லாமலும் வளர்க்கக் கூடாது. நீங்களும் அம்மாவும் தினமும் தொட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்துப் பழக்குங்கள். அப்போதுதான் நாளைக்கு ஊசி போடவும் உண்ணி எடுக்கவும் நிற்கும்.

ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஒரு விளையாட்டுப் பருவம் வரும். ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வும், பின்னால் துரத்தும். முதல் தடவையே அதட்டி நிறுத்துங்கள், அடிக்க வேண்டாம். அந்தப் பருவத்தில் ஆள் பார்க்காத நேரம் தடுப்புக்குள் போட்டுவிடுங்கள். ஒன்றரை வயது வரை நம்பி ராத்திரி முழுக்கத் தனியாகப் பட்டியில் விட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு குட்டி எடுக்காதீர்கள். இரண்டும் தங்களுக்குள் சேர்ந்துகொண்டு ஆட்டை விளையாட்டுப் பொருளாக்கிவிடும். முதல் நாய் தேறிய பிறகு அடுத்ததை எடுத்தால் மூத்ததே அதைப் பழக்கிவிடும்.

ஆட்டுப் பட்டியில் நாய் வைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆடு அறுத்த இடத்தில் பச்சைக் குடல், ஈரல், தலை எதையும் நாய்க்குப் போடக் கூடாது. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை, நாயின் மலத்தோடு புல்லில் விழுந்து ஆட்டின் வயிற்றுக்குள் போனால், ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளரும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமடிக்கும். அந்தத் தலையை நாய் பச்சையாகத் தின்றால் மறுபடி புழு நாய்க்குப் போகும். இன்னொரு வகை நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் சேர்ந்த குடற்புழு மாத்திரையை எடைக்குத் தக்கபடி கொடுங்கள். வேகவைத்த முட்டை, கோழிக்கறி, களி, சோறு போதும். வெந்த எலும்பு வேண்டாம், குடலில் குத்தும்.

ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் மிச்சம் இருந்தால் நாய்க்கும் ஒரு குத்துப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அளவு தவறினால் எந்த நாய்க்கும் ஆபத்து. காலி (Collie) இனம் போன்ற மேய்ப்பு நாய் ரத்தம் கலந்ததாக இருந்தால் சாதாரண அளவே நரம்பைப் பாதித்துக் கொன்றுவிடலாம்.

தடுப்பூசி விஷயத்தில் தள்ளிப்போடுவதே கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தக் கழிச்சலுக்கும் டிஸ்டெம்பருக்கும் சேர்த்துப் போடும் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடியும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். வெறிநோய் வந்துவிட்டால் மனிதரையோ நாயையோ காப்பாற்ற மருந்து கிடையாது. பேத்தியை எந்த நாய், நம் நாயே ஆனாலும், கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

போன மாதம் கடிபட்டு உயிர் பிழைத்த ஆடுகள் இருக்கின்றனவா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவற்றுக்கும் வெறிநோய் ஊசித் தொடர் போட வேண்டும், உடனே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். தூக்கிப் போக முடியாவிட்டால் 1962க்குக் கூப்பிட்டு நடமாடும் கால்நடை ஊர்தி கேளுங்கள். இனி ஒருவேளை ஆடு செத்தால் புதைக்கும் முன் போட்டோ எடுத்து, கால்நடை மருத்துவரை வரவழைத்து உடற்கூறாய்வுச் சான்று வாங்கி வையுங்கள். நிவாரணம் கேட்க அது இல்லாமல் முடியாது.

நாயை நம்பி வேலியை விட்டுவிட வேண்டாம். கிளுவை வேலி மேலே அடர்த்தியாக இருக்கும், அடியில் சந்து விட்டிருக்கும், நாய் அங்கேதான் நுழையும். கொறங்காடு முழுக்க அடைக்கச் செலவு தாங்காது. ஆடு அடையும் பட்டியை மட்டும் சாளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஆறடி உயரக் கம்பி வலை போட்டு, அடி வலையை ஒன்றரை அடி வெளிப்பக்கம் மடக்கி மண்ணில் புதைத்து மேலே கல் அடுக்குங்கள். பறித்துக்கொண்டு வரும் நாய்க்கு வலை தட்டும். ஐந்தாறு நாய் சேர்ந்து வந்தால் உங்கள் ஒற்றைப் பட்டி நாய் குரைத்து எழுப்பத்தான் முடியும், சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. செத்த கோழியையும் கறிக்கடைக் கழிவையும் பள்ளத்திலும் ரோட்டோரத்திலும் கொட்டுவதால்தான் இந்தக் கூட்டங்கள் பெருகுகின்றன. கோழிப்பண்ணை வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்லிப் பேசுங்கள், ஊராட்சியில் தெருநாய்க் கருத்தடைக்கு எழுதிக் கொடுங்கள். கோபத்தில் விஷம் வைக்க வேண்டாம். அது குற்றம் என்பதோடு, முதலில் தின்பது உங்கள் புதுக் குட்டியாக இருக்கலாம்.

இதைப் படிக்கும் கோவை, திருப்பூர் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹஸ்கி பனிநாட்டு நாய், பக் மூச்சுத் திணறும் நாய், இரண்டும் நம் வெயிலுக்கு ஆகாது. லாப்ரடார் குழந்தைகளோடு நன்றாக இருக்கும், ஆனால் தினமும் ஓடவிடாவிட்டால் கொழுத்து இடுப்பு போய்விடும். கணவன் மனைவி இருவரும் காலையில் போய் ராத்திரி வருபவர்களாக இருந்தால் இப்போதைக்கு நாய் வேண்டாம். நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் கிடப்பது எந்த இனத்துக்கும் ஒத்துவராது.

உங்களுக்கு வருகிறேன். வலை வேலையை முதலில் முடியுங்கள், குட்டி அதற்குப் பிறகு வரட்டும். சினை ஆடுகள் ஈனும் சமயத்தில் நாய்க்குட்டியைக் கொண்டுவராமல், ஈன்று ஒரு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள். ஈனும்போது விழும் நஞ்சுக்கொடி வாடைக்கு இளங்குட்டி பழகிவிடக் கூடாது. ராஜபாளையம் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. மகன் ஊரோடு வந்து தங்கி, தினமும் அதோடு நேரம் செலவிட ஒரு ஆள் கிடைக்கும்போது தாராளமாக வாங்குங்கள்.